எல்லை முனியும் டிண்டிங்ஸ் கிண்ணமும்

கெர்ட்ரூட் டீச்சருக்குக் கோபம் வந்தால் முதலில் விசில் ஊதுவார், அப்புறம்தான் வாயைத் திறப்பார். ஆயர் தாவாரிலிருந்து உள்ளே போகும் சாலையில், எண்ணெய்க்காக நட்ட செம்பனைக் காட்டுக்கு நடுவே இருக்கும் இடைநிலைப் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாக அவர்தான் உடற்கல்வி ஆசிரியை. வயது ஐம்பத்தேழு. மழைக்கு முந்திய நாள் முழங்கால் இரண்டும் வலிக்கும். விசில் மட்டும் தளரவில்லை. பிள்ளைகளுக்கு மட்டும் ஊதுகிற விசிலும் இல்லை அது. திடலின் குறுக்கே மோட்டார் சைக்கிளை விடுகிற பெற்றோருக்கும், கோல் கம்பத்தில் மாட்டைக் கட்டுகிறவர்களுக்கும், வெள்ளைக் கோட்டைக் கோணலாகப் போட்டுவிட்டுக் காசு கேட்ட குத்தகைக்காரருக்கும் ஊதியிருக்கிறார்.

அந்த வியாழக்கிழமை ஈப்போவிலிருந்து வந்த கடிதத்தைப் படித்துவிட்டு ஆசிரியர் அறையில் உட்கார்ந்தபடியே ஊதினார். பக்கத்து மேசைக் கணக்கு வாத்தியாரின் கோப்பி மேசையெல்லாம் ஓடியது.

"என்னா டீச்சர், நெருப்பா?"

"நெருப்பா இருந்தா தண்ணி ஊத்தி அணைச்சிரலாம் லா. இது கடுதாசி."

கடிதத்தின் சாரம் இதுதான். பள்ளிப் பெண்கள் ஹாக்கி அணி டிண்டிங்ஸ் கிண்ணப் போட்டிக்குப் பதிந்திருக்கிறது. ஆனால் பள்ளி டிண்டிங்ஸ் எல்லைக்குள் இருக்கிறதா என்று ஒரு சந்தேகம் கிளம்பியிருக்கிறது. அடுத்த வாரம் சனிக்கிழமை நேரில் வந்து அளந்து பார்க்கும் வரையில் பதிவு நிறுத்திவைக்கப்படுகிறது. கீழே, கிண்ணக் குழுவின் செயலாளர் ஐயாத்துரை என்று அச்சடித்தது போன்ற கையெழுத்து. அதற்கும் கீழே, நகல் புரவலரான மாவட்ட அதிகாரிக்கு.

டிண்டிங்ஸ் என்றால் என்ன என்று இன்றைக்கு ஐந்தாம் படிவத்துப் பிள்ளையைக் கேட்டால் பிஸ்கெட் பேரா என்று திருப்பிக் கேட்கும். 1874-ல் பேராக்கின் கடலோரத் துண்டு ஒன்றை வெள்ளைக்காரன் வாங்கிக்கொண்டு, டிண்டிங்ஸ் என்று பேர் வைத்து, பினாங்கு மலாக்காவோடு ஒட்டவைத்து ஆண்டான். அறுபது வருடம் ஆண்டு பார்த்துவிட்டு 1935-ல் பேராக்கிடமே திருப்பிக் கொடுத்தான். நிலம் வீடு வந்து சேர்ந்தாயிற்று. கோடு அழிந்தாயிற்று. கோடு போட்டவர்கள் மண்ணோடு மண்ணாகிப் பல காலம் ஆயிற்று. வம்பு என்னவென்றால், கோடு அழிவதற்கு ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு தோட்டத் துரை பள்ளிப் பிள்ளைகளுக்கென்று ஒரு வெள்ளிக் கிண்ணத்தை வைத்துவிட்டுப் போயிருந்தான். டிண்டிங்ஸ் எல்லைக்குள் இருக்கும் பள்ளிகள் மட்டும்தான் ஆடலாம் என்று அதற்கு ஒரு விதியும் எழுதியிருந்தான். நாடு மாறியது, கொடி மாறியது, ரப்பர் பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள், விதி மட்டும் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தது.

சரி, ஒரு கிண்ணம் போனால் போகிறது என்று டீச்சர் விட்டிருப்பார். அவர் எத்தனையோ கிண்ணத்தைப் பார்த்தவர். இந்தத் தடவை விட முடியாததற்குக் காரணம் தினேஸ்வரி. அணியின் கோல் கீப்பர். அப்படி ஒரு கோல் கீப்பரை இருபத்திரண்டு வருடத்தில் டீச்சர் பார்த்ததில்லை. மாவட்ட அணித் தேர்வு நடந்த வாரம் அந்தப் பிள்ளை டெங்கிக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மாநிலப் பயிற்றுநர் இனிமேல் பிள்ளைகளைப் பார்க்கப் போவது ஒரே இடத்தில்தான், ஈப்போவில் செயற்கைத் திடலில் நடக்கும் டிண்டிங்ஸ் கிண்ண ஆட்டத்தில். தினேஸ்வரிக்கு ஐந்தாம் படிவம், பள்ளியில் கடைசி வருடம். இந்த வருடம் தவறினால் பள்ளி ஆட்டம் முடிந்தது, அதோடு மாநில அணி என்ற பேச்சும் முடிந்தது.

டீச்சர் ஈப்போவுக்குப் போன் போட்டார். ஐயாத்துரைக்கு எழுபத்தெட்டு வயது. யாழ்ப்பாணத்துக் குடும்பம், தகப்பனார் ரயில்வேயில் இருந்தார், இவர் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். தேன் தடவிப் பேசுவார், ஓர் அங்குலம் விட்டுக்கொடுக்க மாட்டார்.

"சார், டிண்டிங்ஸுன்னு ஒண்ணு இப்ப இல்லவே இல்லையே. தொண்ணூறு வருசமாச்சு."

"ஓம் பிள்ளை. டிண்டிங்ஸ் இல்லை. கிண்ணம் இருக்குது. கிண்ணத்துக்கு எழுதின விதியும் இருக்குது."

"விதிய மாத்த முடியாதா?"

"எழுதினவர் மட்டும் மாத்தலாம் எண்டு எழுதியிருக்கு. அவர் செத்துப்போனார்."

டீச்சர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "சந்தேகத்த யாரு சார் கிளப்புனது?"

"கையெழுத்தில்லாத கடிதம்."

மொட்டைக் கடிதாசி! போன வருடம் நட்பு ஆட்டத்தில் ஐந்து கோல் வாங்கிக்கொண்டு போன பள்ளியின் வேலை என்று டீச்சருக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. ஆடி ஜெயிக்க வக்கில்லாதவர்கள் அட்லஸைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

"சரி சார், பழைய மேப்பு இருக்குமில்ல? அதப் பாத்துச் சொல்லிடுங்களேன்."

"மேப்பில கோடு இருக்குது பிள்ளை. அந்தக் கோட்டின்ட தடிப்பே நிலத்தில கன தூரம் வரும், உங்கட பள்ளி அதுக்குள்ள மறைஞ்சு போகும். அளவைக்காரனுக்குக் கல்லுத்தான் முதல், காகிதம் பிறகு. நட்ட கல்லு அசையாமல் நிண்டால் அது சொல்லுறதுதான் எல்லை. வடக்குக் கல்லு சதுப்பில தாண்டு போச்சுது. தெற்குக் கல்லை ஆறு கொண்டு போச்சுது. மிச்சம் இருக்கிறது ஒண்டு. உங்கட பள்ளிக்குக் கிட்ட, பெரிய ரோட்டோரம், ஒரு கோயிலுக்குள்ள இருக்குதெண்டு கடிதத்தில எழுதியிருக்கினம்."

கோயில் என்றதும் டீச்சர் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார். அவருக்கு அந்தக் கல் எது என்று புரிந்துவிட்டது. அவர் பிறந்து வளர்ந்த தோட்டத்தின் எல்லை முனியாண்டி.

அந்தக் கல் சாமியான கதை பெரிய கதை இல்லை. முதல் கப்பலில் வந்து காட்டை வெட்டிய சனங்களுக்கு, எல்லையில் ஒரு முனியை நிறுத்தாமல் மரத்தில் கை வைக்கப் பயம். புலி உண்டு, பேய் உண்டு, காய்ச்சல் உண்டு. ஆனால் இந்தத் தோட்டத்தில் நிறுத்த வேண்டிய வேலையே இருக்கவில்லை. நான்கடி உயரத்தில், நெஞ்சில் ஏதோ எழுத்தோடு, நடுக்காட்டில் ஒருத்தர் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். சனங்கள் கையெடுத்துக் கும்பிட்டு மஞ்சள் பூசினார்கள், சுருட்டு வைத்தார்கள், சேவல் அறுத்தார்கள். வெள்ளைக்காரன் எல்லைக்கென்று நட்டதை நம் சனங்கள் எல்லைச் சாமியாகவே எடுத்துக்கொண்டார்கள். அதுவரையில் தப்பு ஒன்றும் இல்லை.

தப்பு 1994-ல் நடந்தது. கம்பெனி பால்மரத்தை வேரோடு சாய்த்துவிட்டுச் செம்பனை நட முடிவு செய்தது. லயம் என்கிற தோட்டக் குடியிருப்பில் இருந்த சனங்களுக்குப் பெரிய ரோட்டோரம் வரிசை வீடுகள் கிடைத்தன. சனம் போகிற இடத்துக்குச் சாமியும் வரத்தானே வேண்டும்? பழைய வாய்க்கால் கரையிலிருந்து முனியைப் பெயர்த்து, மஞ்சள் வேட்டியில் சுற்றி, ஆறு பேர் சேர்ந்து டிராக்டரில் ஏற்றினார்கள். டிராக்டர் ஓட்டியது கெர்ட்ரூட்டின் அப்பா அந்தோணிமுத்து. கழுத்தில் ஜெபமாலையோடு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, முனியாண்டியை ஒரு கிலோமீட்டர் மேற்கே கொண்டு வந்து இறக்கினார். அப்போது டீச்சருக்கு இருபத்தாறு வயது, பள்ளி விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தார். சகதியில் சக்கரம் மாட்டிக்கொண்டபோது பின்னாலிருந்து தள்ளியவர்களில் அவரும் ஒருவர்.

வாய்க்கால் கரைக்கும் பெரிய ரோட்டுக்கும் நடுவே காலியாகக் கிடந்த நிலத்தில் 2003-ல் பள்ளி வந்தது. டிண்டிங்ஸ் என்பது கடல் பக்கம், மேற்கே. கல் பழைய இடத்தில் இருந்திருந்தால் பள்ளி டிண்டிங்ஸுக்குள் சுகமாக இருந்திருக்கும். இப்போது கல் இருக்கிற இடத்தை வைத்துப் பார்த்தால் பள்ளி வெளியே. தொண்ணூறு வருடத்துக்கு முன்னால் செத்துப்போன ஓர் எல்லையை ஒரு டிராக்டரில் ஏற்றி நகர்த்திவிட்டு, அது தெரியாமலே முப்பது வருடமாகப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

இதில் என்ன கஷ்டம், உண்மையைச் சொன்னால் முடிந்தது என்றுதான் டீச்சர் நினைத்தார். அன்று சாயங்காலமே பூசாரி பிச்சைமுத்துவைப் பார்க்கப் போனார். பிச்சைமுத்துவுக்கு அறுபத்தொரு வயது. பகலில் செம்பனை ஆலையில் காவலாளி, மாலையில் முனியாண்டிக்குப் பூசாரி. கல்லைத் தூக்கிய ஆறு பேரில் உயிரோடு இருப்பவர் அவர் ஒருவர்தான். ஒரே லயத்தில் வளர்ந்ததால் டீச்சருக்கு அவர் அண்ணன். இன்னொன்று, தினேஸ்வரி அவருடைய கடைக்குட்டி மகள். பெற்ற அப்பனே ஒரு வார்த்தை சொல்லப் போகிறார், வேலை சுலபம் என்று நம்பிக் காரை நிறுத்தினார் டீச்சர்.

"வா தங்கச்சி. கோப்பி குடிக்கிறியா?"

"கோப்பி கெடக்கட்டும்ணே. அடுத்த சனிக்கெழம ஈப்போலேர்ந்து ஒரு சார் வாராரு. முனிய தொண்ணூத்தி நாலுல வாய்க்காலேர்ந்து தூக்கிட்டு வந்தோம்னு ஒரு வார்த்த சொல்லிருங்க, போதும்."

பிச்சைமுத்து எண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்தார். உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் ஃபைலைக் கொண்டு வந்து டீச்சர் மடியில் வைத்தார்.

கோயில் நிலத்துக்கு மாவட்ட அலுவலகத்தில் போட்ட மனு. இரண்டு வருடமாக நடக்கிறது. கோயில் நிற்பது சாலைக்கென்று அரசாங்கம் ஒதுக்கிய நிலத்தில்; சாலையை அகலப்படுத்தப் போவதாகப் பேச்சு வேறு. மூன்றாம் பக்கத்தில் ஒரு சத்தியப் பிரமாணம். இந்தக் கோயில் தொண்ணூறு வருடத்துக்கு மேலாக இதே இடத்தில், இடம் மாறாமல் இருந்து வருகிறது. கீழே பிச்சைமுத்துவின் கையெழுத்து.

"ஏன்ணே இப்படிப் பொய் எழுதிக் குடுத்தீங்க?"

"ஃபாரம் பூர்த்தி பண்ணிக் குடுத்தவன் சொன்னான், பழைய கோயில்னாத்தான் நெலம் கெடைக்கும்னு. பழசுதானே லா? சாமி பழசு. எடந்தான் புதுசு."

"கோயிலு மனு வேற, ஹாக்கி வேறண்ணே. இது அங்க எதுக்குப் போவுது?"

பிச்சைமுத்து டீச்சரின் கையிலிருந்த ஈப்போக் கடிதத்தை வாங்கி, கடைசி வரியில் விரலை வைத்தார். நகல், புரவலரான மாவட்ட அதிகாரிக்கு.

டீச்சர் அந்த வரியை இப்போதுதான் ஒழுங்காகப் படித்தார். படித்துவிட்டுக் கோபம் தாங்காமல் எழுந்து நின்றார். "அதுக்காவ சொந்தப் புள்ளய உக்கார வைப்பீங்களா? அவளுக்கு இந்த வருசந்தான்ணே. ராத்திரி பகலா சகதியில விழுந்து எந்திரிக்கிறா. சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்னு சும்மாவா சொன்னாங்க?"

"நீ வேதக்காரி. உனக்கு இது புரியாது."

"என்னா புரியாது? ஒங்க முனிய டிராக்டர்ல கொண்டாந்தது எங்க அப்பா! நான் பின்னால நின்னு தள்ளுனவ!"

"அதனாலதான் சொல்றேன் தங்கச்சி." பிச்சைமுத்துவின் குரல் இறங்கிவிட்டது. "நீ போயிச் சொன்னா, வேதக்காரி வந்து நம்ம சாமிய காட்டிக் குடுத்துட்டான்னு ஊரு பேசும். நான் பேச மாட்டேன், ஊரு பேசும். நாப்பது வீடு இருக்கு இங்க. பழைய ஆளுங்க எல்லாருக்கும் தெரியும் எங்கேர்ந்து வந்துச்சுன்னு. ஒருத்தரும் வாயத் தொறக்கல பாத்தியா? கோயில இடிச்சா எங்களுக்கு வேற என்னா இருக்கு? தோட்டமும் போச்சு, லயமும் போச்சு."

டீச்சர் காரில் வந்து உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு, துரையைத் திட்டினார். மொட்டைக் கடிதாசி எழுதியவனைத் திட்டினார். ஃபாரம் பூர்த்தி செய்தவனையும், சாலையை அகலப்படுத்த நினைத்தவனையும், மூன்று கல்லில் இரண்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாத பேராக் மாநிலத்தையும் திட்டினார். செத்துப்போன அப்பாவைக்கூட விடவில்லை. கொஞ்சம் கிழக்கேயே இறக்கித் தொலைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, சனம் போன இடத்துக்குத்தானே கொண்டு வந்தார் என்று தனக்கே பதிலும் சொல்லிக்கொண்டார்.

அந்த ஒன்பது நாளும் பயிற்சி நடந்தது. ஆடுவோமா மாட்டோமா என்று தெரியாத ஆட்டத்துக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வதைப் போல எரிச்சல் பிடித்த வேலை உலகத்தில் வேறு இல்லை. டீச்சர் எல்லாவற்றுக்கும் சிடுசிடுத்தார். தண்ணீர்ப் போத்தலை எடுத்து வராத பிள்ளைக்கு ஒரு ஏச்சு, எடுத்து வந்த பிள்ளைக்கு மூடியைத் திறந்து வைத்ததற்கு ஒரு ஏச்சு. தினேஸ்வரி மட்டும் ஏச்சுக்கு அசையாமல் கோல் வாயில் நின்று, வருகிற பந்தையெல்லாம் காலால் உதைத்துத் தள்ளினாள்.

"டீச்சர், நாம ஆடுவோம்தானே?"

"ஆடுவோம். போயி நில்லு."

சொல்லிவிட்டுத் தன் வாயையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது அவருக்கு.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஐயாத்துரை தானே காரோட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். கையில் குடை, தோளில் பை, பையில் மேப்பும் அளவு நாடாவும். செருப்பைக் கழற்றிக் குழாயில் கால் கழுவினார். முனியாண்டியின் முன்னால் கைகூப்பிக் கண்ணை மூடி நின்று, விபூதி எடுத்துப் பூசிக்கொண்டார். அதற்கப்புறம்தான் பையைத் திறந்தார். அந்த ஒழுங்கைப் பார்க்கப் பார்க்க டீச்சருக்கு எரிச்சல் வந்தது. திட்டவும் இடம் கொடுக்காத மனிதர்.

பயிற்சியை முடித்த கையோடு பிள்ளைகள் பதினாறு பேரும் ஜெர்சியோடு வேலியோரம் வந்து நின்றார்கள். தினேஸ்வரி காலில் கட்டியிருந்த பெரிய கால்காப்பு பேடைக் கழற்றாமலே வாத்து மாதிரி நடந்து வந்திருந்தாள்.

"பூசாரியார், துணியைக் கொஞ்சம் விலக்கிக் காட்டுவீங்களோ?"

பிச்சைமுத்து பட்டுத் துணியை விலக்கி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தார். கல்லின் நெஞ்சில் டிண்டிங்ஸின் முதல் எழுத்தான ஆங்கில டி மங்கலாகத் தெரிந்தது. ஐயாத்துரையின் முகம் மலர்ந்தது. நாலு பக்கமும் தொட்டுப் பார்த்தார், அடியில் குனிந்து பார்த்தார்.

"அடியில சிமெந்து புதுசாயிருக்குது."

"தரை போட்டோம் சார்."

"கல்லு இந்த இடத்திலேயே இருந்ததோ? வேற இடத்திலயிருந்து கொண்டு வந்ததோ?"

பிச்சைமுத்து மகள் நின்ற பக்கம் பார்க்கவில்லை. "ஆதியிலேர்ந்து இங்கதான் சார்."

ஐயாத்துரை எழுதிக்கொண்டார். அளவைக்காரர் அல்லவா, ஒரு சாட்சியோடு விடவில்லை. "டீச்சர், நீங்கள் இந்தத் தோட்டத்துப் பிள்ளை எண்டு கேள்விப்பட்டன். உங்களுக்குத் தெரியுமோ?"

அதைக் கேட்பார் என்று டீச்சருக்கு ஒன்பது நாளாகத் தெரியும். என்ன சொல்வது என்று மட்டும் அந்த நொடி வரையில் தெரியவில்லை. சொல்லிவிடலாம், உண்மைதானே. ஆனால் நாற்பது வீட்டுச் சனத்தின் கோயிலை இடிக்கிற வார்த்தை, சிலுவை போட்ட கழுத்திலிருந்தா வரவேண்டும்? பிச்சைமுத்துவின் கை கல்லின் மேல் கிடந்தது.

"எனக்குத் தெரியாது சார்."

வேலியோரம் ஒரு முனகல் எழுந்து அடங்கியது. ஐயாத்துரை எழுதி முடித்துவிட்டு, பிள்ளைகளைப் பார்த்து, மெய்யாகவே வருத்தத்தோடு சொன்னார்: "மன்னிக்க வேணும் பிள்ளையள். பள்ளி கல்லுக்குக் கிழக்கால நிக்குது. வெளியில."

ஒருத்தி அழத் தொடங்கினாள். தினேஸ்வரி அழவில்லை. கையுறைகளைக் கழற்றி ஒன்றுக்குள் ஒன்றைச் செருகினாள். பேடோடு தத்தித் தத்தி டீச்சரிடம் வந்தாள்.

"பரவால்ல டீச்சர். நீங்க எங்களுக்காவ எவ்ளோ அலைஞ்சீங்க. முடிஞ்சதெல்லாம் செஞ்சீங்க."

அந்த நன்றியை டீச்சரால் தாங்க முடியவில்லை. தாங்க முடியாமல் போனவர் இன்னொருவரும் இருந்தார்.

"எழுதாதீங்க சார்," என்றார் பிச்சைமுத்து.

ஐயாத்துரை நிமிர்ந்தார்.

"நான் பொய் சொன்னேன். தொண்ணூத்தி நாலுல வாய்க்காங்கரையிலேர்ந்து தூக்கிட்டு வந்தோம். நானும் தூக்குனேன். எடத்தக் காட்டுறேன், வாங்க. கோயில் நெலத்துக்குச் சத்தியம் பண்ணிப் பொய் எழுதிக் குடுத்தவனும் நான்தான். அதையும் எழுதிக்குங்க."

"தம்பி, கொஞ்சம் யோசியுங்கோ. நான் எழுதினால் நகல் மாவட்ட அதிகாரிக்குப் போகும். போகாமல் நிப்பாட்ட என்னால ஏலாது."

"போவட்டும். முனியாண்டி தொண்ணூறு வருசமா தன்னத் தானே பாத்துக்கிட்டாரு. இனியும் பாத்துக்குவாரு. எம் பொண்ணுக்கு இந்த வருசம் போனா வேற வருசம் இல்ல சார்."

ஐயாத்துரை பேனாவைத் திறந்தார். "ஒருவர் சொல்லு போதாது. நீங்கள் முதல்ல ஒண்டு சொன்னீங்கள், இப்ப ஒண்டு சொல்லுறீங்கள். கல்லு பெயர்ந்ததைப் பார்த்த வேற ஆரும் இருக்கினமோ?"

கேட்டுவிட்டு அவர் டீச்சரைப் பார்க்கவில்லை. டீச்சர்தான் தெரியாது என்று சொல்லிவிட்டாரே.

"நான் பாத்தேன் சார்," என்றார் கெர்ட்ரூட். "எங்க அப்பாதான் டிராக்டர் ஓட்டுனாரு. நான் பின்னால தள்ளுனேன்."

"இப்பத்தானே தெரியாது எண்டனீங்கள்?"

"பொய் சொன்னேன்."

"அதையும் எழுதட்டோ?"

"எழுதுங்க சார். எல்லாத்தையும் எழுதுங்க."

ஐயாத்துரை எல்லாவற்றையும் எழுதினார். செம்பனைக்கு ஊடே எல்லாரும் நடந்து போனார்கள். வாய்க்கால் கரையில், காய்ந்த மட்டைக் குவியலை ஒதுக்கியதும், கல் நின்ற பழைய செங்கல் மேடை பாதி புதைந்து கிடந்தது. ஐயாத்துரை முழங்காலில் உட்கார்ந்து, குழந்தையைத் தொடுவது போல அதைத் தொட்டுப் பார்த்தார். நாடாவை நீட்டினார்கள், அளந்தார்கள், மறுபடி அளந்தார்கள். பள்ளி எல்லைக்கு உள்ளே இருந்தது, ஓரத்தில்கூட இல்லை, நன்றாக உள்ளே. பிள்ளைகள் கத்திய கத்தலில் செம்பனை மேலிருந்த காக்கைகள் எல்லாம் பறந்தன. பிச்சைமுத்து காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். டீச்சரும் போட்டார். மாவட்ட அலுவலகத்திலிருந்து என்ன பதில் வரும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

திரும்பி வரும்போது மற்றவர்கள் முன்னால் ஓடிவிட்டார்கள். பேடைத் தோளில் மாட்டிக்கொண்டு தினேஸ்வரி மட்டும் மெதுவாக நடந்தாள். டீச்சர் அவளோடு சேர்ந்து நடந்தார். ஏதாவது பேசுவாள் என்று எதிர்பார்த்தார். பேசினாள்.

"டீச்சர், உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?"

"தெரியும்."

"அவரு கேட்டப்ப தெரியாதுன்னு சொன்னீங்க."

"ஆமா."

"அப்பா சொல்லலைன்னா, எங்கள அப்படியே விட்டிருப்பீங்களா?"

காரணம் டீச்சரிடம் இருந்தது. கோயில் இருந்தது, நாற்பது வீடு இருந்தது, அப்பாவின் டிராக்டர் இருந்தது, வேதக்காரி என்ற சொல் இருந்தது. ஒவ்வொன்றும் மெய்யான காரணம். ஆனால் பதினேழு வயதுப் பிள்ளையின் முகத்துக்கு நேரே சொல்லிப் பார்த்தால், எல்லாமே அவள் பிறப்பதற்கு முன்னால் யாரோ போட்டுவிட்டுப் போன கோடுகள். அந்த மாதிரிக் கோடுகளைத்தான் அவர் ஒன்பது நாளாகத் திட்டிக்கொண்டிருந்தார்.

"விட்டிருப்பேன்," என்றார் டீச்சர்.

தினேஸ்வரி தலையை ஆட்டினாள். கோபமாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் டீச்சர் வாங்கிக்கொண்டிருப்பார். எத்தனை பேரைத் தான் ஏசியிருக்கிறோம், ஒருநாள் ஏச்சு வாங்கினால் குறைந்தா போவோம் என்று நினைத்தார். அவள் பேடைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு வேகமாக நடந்து, மற்றவர்களோடு போய்ச் சேர்ந்துகொண்டாள்.

திங்கட்கிழமை பயிற்சிக்கு எல்லாருக்கும் முன்னால் வந்தது தினேஸ்வரிதான். சொன்னதையெல்லாம் செய்தாள். இடது பக்கம் விழு என்றால் விழுந்தாள், எழு என்றால் எழுந்தாள். ஒரு பந்தையும் உள்ளே விடவில்லை. தண்ணீர் குடிக்க நிறுத்தியபோது மற்ற பிள்ளைகள் வழக்கம்போல டீச்சரைச் சுற்றிப் புல்லில் உட்கார்ந்து, ஈப்போத் திடல் எப்படி இருக்கும், காலில் என்ன சப்பாத்து போடுவது என்று சளசளத்துக்கொண்டிருந்தார்கள். அவள் தன் போத்தலை எடுத்துக்கொண்டு கோல் கம்பத்துக்குப் போய், அங்கேயே நின்று குடித்தாள்.